மூடி வைத்த தட்டு

எங்கள் ஊர்களில் கிறிஸ்மஸ் என்று சொல்வதைவிட நத்தார் என்று சொல்வதுதான் வழக்கம். நத்தார் கேக், நத்தார் பாப்பா, நத்தார் விடுமுறை என்று சைவப் பிள்ளைகளும் சொல்லி வளர்ந்த சொல் அது. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களில் அதுவும் ஒன்று என்று பாடசாலையில் படித்திருக்கின்றேன். ஆனால் கடல் கடந்த இன்னொரு நாட்டில், என்னைப் போலவே யுத்தத்தில் உறவுகளைப் பறிகொடுத்த பெண்களின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. 2018 ஆம் ஆண்டு நத்தாரை நான் திமோர்-லெஸ்தே நாட்டின் தலைநகரான டிலியில் கழித்தேன். கிழக்குத் திமோர் என்றால் உங்களில் சிலருக்கு நினைவு வரும். தொண்ணூறுகளில் வானொலிச் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட பெயர் அது.

முதலில் என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நான் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவள். பெண்கள் அமைப்பொன்றில் களப் பணியாளராக வேலை செய்கின்றேன். 2007 ஆம் ஆண்டு ஒரு காலை வேலைக்கென்று சைக்கிளில் சென்ற என் கணவர் திரும்பி வரவில்லை. அப்போது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. கொடுக்காத முறைப்பாடு இல்லை, ஏறாத படி இல்லை. அந்தக் கதையை இங்கு நீட்டப் போவதில்லை. இதை வாசிக்கும் பலர் அதே படிகளில் என்னோடு ஏறி இறங்கியவர்கள்தானே.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, சித்திரை வருசம் இல்லை. அவர் எங்கே, சாப்பிட்டாரா, உடுத்தாரா என்று தெரியாமல் நாங்கள் புதுச்சட்டை போடுவதா என்பது என் எண்ணம். பிள்ளைகளும் கேட்பதை விட்டுவிட்டார்கள். "இது செத்த வீடும் இல்லை, நல்ல வீடும் இல்லை" என்று என் மாமி சொல்லுவா. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் ஒரு கதை. கல்யாண வீட்டில் முன்னுக்கு நிற்பதா பின்னுக்கு நிற்பதா என்று தெரியாமல் வாசலோடு திரும்பி வந்த நாட்கள் எத்தனையோ.

2016 இல் தாய்லாந்தில் பல நாடுகளின் பெண்கள் அமைப்புக்களுக்கான பயிற்சி ஒன்று நடந்தது. அதில் திமோர் நாட்டுப் பெண்கள் இருவர் என்னோடு ஒரே அறையில் தங்கினார்கள். எனக்கும் ஆங்கிலம் அரைகுறை, அவர்களுக்கும் அரைகுறை. கையாலும் கண்ணாலும் கதைத்தே நண்பிகளாகி விட்டோம். இரண்டு வருடங்களின் பின்னர் அவர்களுடைய அமைப்பு எங்களை அனுபவப் பகிர்வுக்காக அழைத்தது. பத்து நாள் நிகழ்ச்சி டிசம்பர் 20 ஆம் திகதி முடிந்தது. எனக்கு விமானத்தில் இடம் கிடைத்ததோ 28 ஆம் திகதிக்குத்தான். "நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கு வா" என்று மூத்த நண்பி தன் வீட்டுக்குக் கூட்டிச் சென்றா.

வெக்கையும் மழையும் கலந்த ஊர்

மட்டக்களப்பில் நத்தார் என்றால் மாரி மழை. வாவி நிரம்பி, வீதியில் வெள்ளம் நின்று, பிள்ளைகள் போர்த்திக்கொண்டு படுக்கும் காலம். டிலியில் அப்போதுதான் மழைக்காலம் தொடங்கியிருந்தது. பின்னேரம் ஒரு மழை அடிக்கும். அது நின்றதும் நிலத்திலிருந்து ஆவி கிளம்பும். இரவிலும் உடம்பு பிசுபிசுக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் நீளமாகக் கிடக்கும் நகரம் அது. எங்கள் நேரத்தைவிட மூன்றரை மணித்தியாலம் முந்திய நேரம். அமெரிக்க டொலர்தான் அங்கு காசு. மைக்ரோலெட் என்று சொல்லும் சின்ன வான்களில் அப்போது 25 சதம் கொடுத்து ஏறினோம். இறங்குவதற்குக் காசை எடுத்து வானின் கம்பியில் தட்ட வேண்டும்.

முதல் நாள் இரவு குளிக்கப் போகும்போது நண்பி "தோவாலா" வேண்டுமா என்று கேட்டா. எனக்கு விளங்கவில்லை. துணியைத் தூக்கிக் காட்டினா. "ஓ, துவாய்!" என்றேன். அதன் பிறகு எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகி விட்டது. நான் மேசை என்றால் அவர்கள் மேசா என்பார்கள். யன்னல் அங்கே ஜனேலா. லேஞ்சி லென்சு. சப்பாத்து அங்கேயும் சப்பாத்துத்தான். பாண் என்பது பவுன். நத்தார் நத்தால். எங்கள் மட்டக்களப்புக் கோட்டையை 1628 இல் கட்டிய அதே போர்த்துக்கேயர்தான் அவர்களையும் ஆண்டார்கள். எங்களிடமிருந்து முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே போய்விட்டார்கள். அவர்களிடம் 1975 வரை இருந்தார்கள். அரசன் போனாலும் யன்னலும் துவாயும் பெண்களின் வாயில் தங்கிவிட்டன.

அவர்களுடைய நத்தார் வீட்டுக்குள் நடப்பதல்ல, தெருவில் நடப்பது. ஒவ்வொரு ஒழுங்கையின் முகப்பிலும் அந்த இடத்து இளைஞர்கள் சேர்ந்து பாலன் குடில் கட்டுகிறார்கள். மூங்கில், தென்னோலை, புல் ஆகியவற்றால் கூரை வேய்ந்து, சில இடங்களில் தங்கள் பாட்டன் காலத்துப் புனித வீட்டைப் போல உயரமாகக் கட்டுகிறார்கள். இரவிரவாக அதன் பக்கத்தில் இருந்து பாட்டுப் போடுகிறார்கள். நண்பியின் ஒழுங்கைக் குடிலில் பாலனைத் "தாய்ஸ்" துணியில் கிடத்தியிருந்தார்கள். தாய்ஸ் என்பது அந்நாட்டுப் பெண்கள் தரையில் இருந்து, தறியின் பட்டியை இடுப்பிலே கட்டிக்கொண்டு, கையால் நெய்யும் துணி. பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அது வேண்டும். 2021 இல் யுனெஸ்கோ அதனை உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது என்று பின்னர் நண்பி மிகுந்த சந்தோசத்தோடு செய்தி அனுப்பியிருந்தா.

அவர்களின் இருபத்துநான்கு வருடங்கள்

அவர்களின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் நாலில் ஒரு பங்கை விடச் சிறிய நாடு அது. 1975 இல் போர்த்துக்கேயர் விலகிய கையோடு, டிசம்பர் 7 ஆம் திகதி இந்தோனேசியப் படைகள் புகுந்தன. அந்த ஆட்சி 24 வருடங்கள் நீடித்தது. மலைகளுக்கு ஓடிய மக்கள் குண்டுவீச்சிலும் பட்டினியிலும் மாண்டார்கள். 1999 ஓகஸ்ட் 30 இல் ஐக்கிய நாடுகள் சபை நடத்திய வாக்கெடுப்பில் 78.5 வீதமானோர் சுதந்திரம் வேண்டும் என்றார்கள். அதற்குப் பழிவாங்கலாக ஊர்கள் எரிக்கப்பட்டன. 2002 மே 20 இல்தான் சுதந்திரம் வந்தது.

உண்மையைக் கண்டறியும் ஆணைக்குழு ஒன்றும் அமைத்தார்கள். அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த டிலியின் பாலிடே சிறைச்சாலையையே திருத்தி அதன் அலுவலகமாக்கினார்கள். 2003 ஏப்ரலில் பெண்களுக்கென்றே தனியாக ஒரு பகிரங்க விசாரணை நடந்தது. பெண்கள் மேடையில் இருந்து தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். 2005 இல் அறிக்கை வெளிவந்தது. அதன் பெயர் "ஷேகா". போர்த்துக்கேய மொழியில் "போதும்" என்று அர்த்தம். யுத்தத்தோடும் பட்டினியோடும் தொடர்பாகக் குறைந்தது 102,800 பேர் இறந்தார்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

இதைக் கேட்டு அங்கே எல்லாம் சரியாகி விட்டது என்று நினைக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்கும் சட்டமூலம் 2010 இல் பாராளுமன்றத்துக்குப் போனது. நான் போன 2018 இலும் அது நிறைவேறவில்லை. ஆயுதம் தூக்கிய ஆண்களுக்குக் கிடைக்கும் மதிப்பு, அவர்களுக்குச் சோறு கொண்டு போன பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்று என் நண்பிகள் கோபப்பட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எங்கள் ஊர்க் கூட்டமொன்றில் இருப்பது போலவே இருந்தது.

கறுப்பை அவிழ்த்தல்

நத்தாருக்கு முதல் இரவு, அயலவர் ஒருவரின் பிக்கப் வாகனத்தின் பின்னால் ஏறி எல்லோருமாக மொத்தாயெல் தேவாலயத்துக்குப் போனோம். கடற்கரையோரத்தில் வெள்ளையாக நிற்கும் தேவாலயம். நான் சைவம் என்று நண்பிக்குத் தெரியும். "பூசை விளங்காவிட்டால் கடற்காற்று வாங்கு" என்று சிரித்தா. உள்ளே இடமில்லாமல் சனம் மரங்களின் கீழேயும் நின்றது. பூசை நடந்து கொண்டிருக்கும்போது வெளியே யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். நான் திடுக்கிட்டுக் குனிந்து விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் எனக்குப் பக்கத்தில் நின்ற நண்பியின் தாயாரும் குனிந்து நிற்கிறா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவ என் கையைப் பிடித்தவ, பூசை முடியும் வரை விடவில்லை.

அந்தத் தேவாலயத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1991 ஒக்ரோபரில் அங்கு அடைக்கலம் புகுந்திருந்த இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டான். நவம்பர் 12 இல் அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்து விட்டு, இளைஞர்கள் ஊர்வலமாகச் சாந்தா குரூஸ் மயானத்துக்கு நடந்தார்கள். அங்கே படையினர் சுட்டார்கள். வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர் ஒருவர் அதனைப் படம் பிடித்து, ஒளிநாடாவைக் கல்லறையொன்றில் மறைத்து வைத்துப் பின்னர் வெளியே கொண்டு போனதால்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. அன்று இறந்தவர்களில் பலரின் உடல்கள் இன்று வரை கிடைக்கவில்லை. நண்பியின் பக்கத்து வீட்டு அம்மாவின் மகனும் அவர்களில் ஒருவன். அப்போது அவனுக்குப் பதினேழு வயது.

அந்த அம்மாவின் சட்டையில் ஒரு சின்னக் கறுப்புத் துணித் துண்டு குத்தியிருந்ததைக் கண்டேன். ஏன் என்று நண்பியிடம் கேட்டேன். அப்போதுதான் "கோரே மெத்தான்" பற்றி அறிந்தேன். மெத்தான் என்றால் கறுப்பு. கோரே என்றால் அவிழ்த்தல். ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினர் கறுப்பு உடுப்பார்கள், அல்லது ஒரு கறுப்புத் துண்டைக் குத்திக் கொள்வார்கள். எங்களுக்கு எட்டு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் இருப்பது போல அவர்களுக்கும் நாட்கள் இருக்கின்றன. இறந்து ஒரு வாரத்தில் "கசப்புப் பூ" என்ற சடங்கு. அதற்குப் பின்னர் "இனிப்புப் பூ". ஒரு வருடம் முடிந்ததும் குடும்பமெல்லாம் கூடிக் கறுப்பை அவிழ்க்கிறார்கள். சமைத்துச் சாப்பிட்டு, இரவிரவாகப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண் வேண்டிய நிறத்தில் உடுக்கலாம், நல்ல காரியங்களில் முன்னுக்கு நிற்கலாம்.

"கணவனை இழந்தவளும் அப்படியா?" என்று கேட்டேன். "அவளும்தான்" என்றா நண்பி. "உங்கள் ஊரில் எத்தனை வருடம்?" என்று திருப்பிக் கேட்டா. எங்கள் ஊரில் அதற்குக் கணக்கு இல்லை என்று சொன்னேன். பூவும் பொட்டும் தாலியும் போனால் போனதுதான் என்று விளங்கப்படுத்தினேன். அவவால் அதை நம்ப முடியவில்லை.

ஆனால் உடல் இல்லாதபோது என்ன செய்வது? எந்த நாளில் இருந்து ஒரு வருடத்தைக் கணக்கிடுவது? இந்தக் கேள்விக்கு அந்த வீட்டிலேயே இரண்டு பதில்கள் இருந்தன.

ஒன்று நண்பியின் பாட்டியுடையது. எங்கள் பகுதியில் பெத்தா என்போமே, அவர்கள் ஆவோ என்கிறார்கள். ஆவோவின் கணவர் 1978 இல் மாத்தெபியன் மலையில் காணாமற் போனவர். அந்த மலையின் பெயருக்கே "இறந்தவர்களின் ஆவிகள்" என்றுதான் அர்த்தம். அங்கே குண்டுவீச்சிலிருந்து ஓடும்போது பிரிந்தவர்தான், பிறகு காணவில்லை. ஆவோ இருபத்தைந்து வருடங்கள் கறுப்புச் சட்டையோடு இருந்தா. 2003 இல் பெண்கள் விசாரணையை வானொலியில் கேட்ட பிறகு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மலையடிவாரத்துக்குப் போனா. அவரைக் கடைசியாகக் கண்ட இடத்தில் ஒரு கல்லை எடுத்து, தாய்ஸ் துணியில் சுற்றிக் கொண்டு வந்து, அவரையே அடக்கம் செய்வது போல அடக்கம் செய்தார்கள். உடல் கிடைக்காத குடும்பங்கள் பல அங்கே இப்படிச் செய்திருக்கின்றன. அடுத்த வருடம் ஆவோ கறுப்பை அவிழ்த்தா.

"அப்படியென்றால் தேடுவதை விட்டு விட்டீர்களா?" என்று நண்பி மூலமாகக் கேட்டேன். ஆவோ தலையை ஆட்டினா. "கல்லைத்தான் அடக்கம் செய்தோம். கேள்வியை அடக்கம் செய்யவில்லை" என்றா. இன்றும் எலும்புகள் எங்காவது கிடைத்தன என்று கேள்விப்பட்டால் ஆவோ ஆளனுப்பி விசாரிக்கிறா.

மற்றப் பதில் பக்கத்து வீட்டு அம்மாவுடையது. இருபத்தேழு வருடங்களாகியும் அவ கறுப்பை அவிழ்க்கவில்லை. கல் எடுக்கவும் சம்மதிக்கவில்லை. "யாரும் எனக்குக் காட்டாத சாவை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?" என்பது அவவின் கேள்வி. ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்தோனேசியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட பிள்ளைகளில் சிலர், வளர்ந்த மனிதர்களாக அண்மைய வருடங்களில் திரும்பி வந்து பெற்றோரைக் கண்டிருக்கிறார்கள். தன் மகனும் அப்படி வருவான் என்று அவ நம்புகிறா.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். ஆவோவை யாரும் "மறந்து விட்டாள்" என்று சொல்லவில்லை. அந்த அம்மாவை யாரும் "பைத்தியம்" என்று சொல்லவில்லை. இருவரும் ஒரே அடுப்படியில் இருந்து நத்தாருக்குச் சமைத்தார்கள்.

நத்தார் விருந்து

காலையிலிருந்தே அடுப்படி நிறையப் பெண்கள். தென்னங் குருத்தோலையில் சின்னச் சின்னக் கூடுகளாகப் பின்னி, உள்ளே அரிசியிட்டுத் தேங்காய்ப் பாலில் அவித்தெடுக்கும் "கத்துப்பா" அங்கு விசேசமான சோறு. நானும் ஓலை பின்ன உட்கார்ந்தேன். எங்கள் கோயில் தோரணம் கட்டிய கை என்பதால் விரைவாகப் பிடிபட்டது. ஐந்து பின்னி முடித்ததும் ஆவோ கைதட்டினா. பன்றி இறைச்சி வேறு அடுப்பில் கொதித்தது. நான் அதைச் சாப்பிட மாட்டேன் என்று கேட்டறிந்து, எனக்கென்று தனிச் சட்டியில் மீன் வைத்திருந்தார்கள். "ஆய்மானாஸ்" என்ற மிளகாய்ச் சம்பல் எங்கள் கொச்சிக்காய்ச் சம்பலை வென்று விடும் உறைப்பு. பிறகு அவர்களின் மலைகளில் விளைந்த கோப்பி.

சாப்பிட இருக்கும்போதுதான் அந்தத் தட்டுக்களைக் கண்டேன். மேசையின் தலைமாட்டில் இரண்டு தட்டுக்கள் தனியாக இருந்தன. ஒன்றில் சோறும் கறியும் இட்டு, பக்கத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றினார்கள். அது ஆவோவின் கணவருக்கு. மற்றத் தட்டிலும் எல்லாம் இட்டார்கள். ஆனால் மெழுகுதிரி ஏற்றவில்லை. ஒரு சுத்தமான துணியால் மூடி வைத்தார்கள். அது பக்கத்து வீட்டு அம்மாவின் மகனுக்கு. செத்தவருக்கு விளக்கு வைக்கலாம். வரவேண்டியவனுக்குச் சோற்றை மூடித்தானே வைக்க வேண்டும்.

அதன் பிறகு பாட்டுப் போட்டு ஆடினார்கள். அந்த அம்மாவும் கறுப்புத் துண்டைக் குத்திக்கொண்டே இரண்டு பாட்டுக்கு ஆடினா. என்னையும் இழுத்தார்கள். நான் வெட்கப்பட்டுக் கொண்டு கைதட்டினேன். அழுகையும் வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நண்பி என் தோளில் கை போட்டுக்கொண்டு இருந்தா.

அடுத்த நாள் டிசம்பர் 26. எங்களுக்கு அது எந்த நாள் என்று சொல்லத் தேவையில்லை. 2004 இல் நாவலடியில் என் சின்னம்மாவின் குடும்பத்தைக் கடல் கொண்டு போனது. காலையில் கடற்கரைக்குப் போய் ஒரு திரி கொளுத்த வேண்டும் என்று நண்பியிடம் சொன்னேன். நகரத்தின் கிழக்கு அந்தத்திலே குன்றின் மேல் பெரிய கிறிஸ்து சிலை நிற்கும் கடற்கரைக்குப் போனோம். ஆவோவும் வந்தா. நான் எங்கள் ஆட்களுக்காகத் திரி ஏற்றினேன். ஆவோ தானும் ஒன்று ஏற்றினா. நாலு நாட்களுக்கு முன்னர், டிசம்பர் 22 இல், இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் எரிமலை சரிந்து எழுந்த கடலில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். ஆவோவின் திரி அவர்களுக்காக. கணவரைப் பறித்த படை எந்த நாட்டிலிருந்து வந்ததோ, அந்த நாட்டின் தாய்மாருக்காக. "அவர்களும் இப்போது கடற்கரையில் தேடிக்கொண்டிருப்பார்கள்" என்று மட்டும் சொன்னா.

வீட்டுக்கு வந்த பின்

நான் நாடு திரும்பி மூன்று கிழமைக்குள் தைப்பொங்கல் வந்தது. பொங்க வேண்டும் என்று மனம் சொன்னது. ஆனால் அவருக்கு என்ன செய்வது என்பதில் குழப்பம். எங்கள் வழக்கத்தில் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தால் அவர் இறந்து விட்டார் என்று நாங்களே சொல்வது போலாகும். அதை நான் செய்ய மாட்டேன். முன்பொரு முறை ஓர் அலுவலகத்தில் "மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு காசை வாங்குங்கள்" என்று சொன்னபோதும் நான் கையொப்பம் வைக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின் பிறகுதான், இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்றே பதியும் சான்றிதழைப் பெற வழி வந்தது.

டிலியில் கண்ட மூடி வைத்த தட்டை நினைத்தேன். எங்கள் வீட்டிலும் அது புதிதல்ல. அவர் வேலையால் பிந்தி வரும் நாட்களில் சோற்றைப் போட்டு மூடி வைப்பேன்தானே. பெட்டிக்குள் இருந்த அவருடைய எவர்சில்வர் தட்டை எடுத்துக் கழுவினேன். வாசலில் பொங்கினோம். பால் பொங்கி வழிந்தபோது மகன் சத்தமிட்டுக் கூப்பிட்டான். பொங்கலை முதலில் அவருடைய தட்டில் இட்டு, வாழையிலையால் மூடி மேசையில் வைத்தேன். விளக்கு வைக்கவில்லை. பிறகு நாங்கள் சாப்பிட்டோம். மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. கொஞ்ச நேரத்தில், "மனே, சக்கரை காணாது" என்றா மகளிடம். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பின்னேரம் வரைக்கும் அந்தத் தட்டு அப்படியே இருந்தது. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். அதன் பின் ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் செய்கிறோம். அடுத்த வாரம் மனுவைத் தூக்கிக்கொண்டு நான் வழமை போலப் போனேன். பொங்கியதால் என் கேள்வி குறைந்து போகவில்லை. பிள்ளைகளும் இப்போது அப்பாவைப் பற்றிக் கதைக்கிறார்கள். முன்பு அந்தப் பெயரை எடுத்தாலே நான் அழுவேன் என்று வாய் திறக்காமல் இருந்தவர்கள், இப்போது அந்தத் தட்டைக் கழுவும்போதே "அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்கிறார்கள்.

சகோதரிகளே, நீங்களும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2017 முதல் வீதியோரத்தில் அமர்ந்திருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடி விட்டார்கள். ஒவ்வொருவரின் துக்கத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. கல் எடுப்பவர் எடுக்கட்டும். எடுக்க மாட்டேன் என்பவரை யாரும் வற்புறுத்த வேண்டாம். பொட்டு வைப்பவரையும் வைக்காதவரையும் பார்த்து அயலவர் கதை கட்டவும் வேண்டாம். ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் வருடத்தில் ஒரு நாளாவது அடுப்பில் நல்ல சாப்பாடு வேகட்டும். அதனால் காணாமற் போனவர்கள் நம்மைக் கோபிக்க மாட்டார்கள்.

உங்கள் வீடுகளில் பண்டிகை நாட்களை எப்படிக் கழிக்கிறீர்கள்? வராதவருக்கென்று என்ன செய்து வைக்கிறீர்கள்? எழுதி அனுப்புங்கள். ஒருவருக்குப் பிடிபட்ட வழி இன்னொருவருக்கு உதவக்கூடும்.